ஹக் சார் கேட்காத பெண்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் அப்துல் ஹக் சாரைப் பற்றிக் குறை சொல்ல ஆள் தேடினால் கிடைக்காது. நல்ல பெயர் நல்லதுதான். ஆனால் ஒருவருக்கு அது அளவுக்கு மீறிப் போனால் வீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். அப்படித்தான் ஆயிற்று அவர் மகள் சைனம்புவுக்கு.

ஹக் சார் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். பண்டகசாலை குமாஸ்தா வீட்டுப் பிள்ளையும், பள்ளிவாசல் தெருப் பிள்ளையும், உப்பனாற்றைத் தோணியில் கடந்து வரும் சோனாங்குப்பத்து மீனவப் பிள்ளையும் அவர் வகுப்பில் ஒன்றுதான். யாருக்கும் சலுகை கிடையாது, யாருக்கும் தனி அடி கிடையாது. அறுபத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் நாலாவது தேறிய சைனம்பு அவர் வகுப்புக்கே வந்து உட்கார்ந்தாள். அந்தப் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு ஐந்தாம் வகுப்பு. வேறெங்கும் மாற்றிப் போட வழியில்லை.

சொந்தப் பிள்ளையைச் சொந்த வகுப்பில் வைத்துக்கொள்வது வாத்தியார்களுக்கு ஒரு கண்டம். சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த ஒரு வாத்தியார் தன் பையனுக்கே முதல் ரேங்க் போட்டார். பையன் ஹைஸ்கூலுக்குப் போய் முதல் பரீட்சையிலேயே மண்ணைக் கவ்வினான். டீக்கடையில் ஆரம்பித்த சிரிப்பு மீன் மார்க்கெட் வரை போயிற்று. அந்த மனிதர் தலைகாட்ட முடியாமல் திட்டக்குடிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஹக் சார். தன்னை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று முடிவு கட்டினார்.

முடிவு கட்டினால் ஹக் சார் அரைகுறையாகக் கட்ட மாட்டார். பள்ளிக்கூடத்துக்குள் அவள் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். வகுப்பில் அவளிடம் கேள்வி கேட்பதில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி விடை எழுதியிருந்தால் அவளுக்கு மட்டும் கையெழுத்துக்கென்று கொஞ்சம் குறையும். வீட்டிலோ பள்ளிக்கூடப் பேச்சே கூடாது. வாத்தியார் வீட்டில் கேள்வித்தாளைச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று யாராவது கிளப்பிவிட்டால்? பாடத்தில் சந்தேகம் என்றால் அது வகுப்பறைக்கு உரியது, எல்லாப் பிள்ளைகளையும் போல அங்கேயே கேட்க வேண்டும். அங்கே கேட்டால் அவர் காதில் விழாது என்பது வேறு விஷயம்.

முதல் சில வாரங்கள் அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் பார்வை அந்த பெஞ்சைத் தாண்டி அடுத்த பெஞ்சுக்குப் போகும். ஆடி பிறப்பதற்குள் அந்தக் கை எழும்புவதை நிறுத்திக்கொண்டது. பெண் புரிந்துகொண்டாள், சமர்த்து, என்று சார் நினைத்தார். ஹெட்மாஸ்டர் சடையப்பன் மற்ற ஆசிரியர்களிடம், "ஹக் சாரைப் பாத்துக் கத்துக்குங்கய்யா" என்று சொன்னபோது அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பெருமையில் குளிர்ந்துபோய் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கண்ணில் படாது. எனக்கு அவர் மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

காலாண்டுப் பரீட்சையில் சைனம்பு நடுவாந்திரமாக ஒரு ரேங்க் வாங்கினாள். அந்த நேரம் பார்த்து, பினாங்கில் கடை வைத்திருந்த ஆசியா உம்மாளின் தம்பி ரஃபியுதீன் ஊருக்கு வந்திருந்தார். ஆசியா உம்மாள் ஹக் சாரின் மனைவி. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது ரஃபியுதீன் பேச்சை எடுத்தார். நம்ம தெருவில் எந்தப் பெண்ணும் ஆறாவது படித்ததில்லை, அஞ்சாவது முடிந்ததும் சைனம்புவை நிறுத்திவிடுங்கள், குர்ஆன் ஓதி முடித்துவிட்டாள், இனி வீட்டு வேலையும் பூ வேலையும் படியட்டும் என்றார். ஹக் சாருக்கு அதில் முழு இஷ்டம் இல்லை. ஆனால் எதை வைத்து மறுப்பது? பிள்ளை பிரமாதமாகப் படிக்கிறாள் என்றால் மச்சினனோடு மல்லுக்கு நிற்கலாம். இது நடுவாந்திரப் படிப்பு. சரி, அஞ்சாவதோடு நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த நடுவாந்திரத்தைத் தன் சிவப்பு மையால் உண்டாக்கியது தானேதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வெற்றிலைத் தட்டை வாங்க நின்ற சைனம்புவின் காதில் எல்லாம் விழுந்தது. அவள் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அதைப் பற்றிக் கேட்காதவள் அன்றைக்குச் சாயங்காலம் மாமாவிடம் வேறொன்றைக் கேட்டாள். பினாங்கில் பெருநாள் முந்தின நாளே வந்துவிட்டது என்கிறீர்களே, நிலா ஒன்றுதானே, அது உங்களுக்கு முதலில் பிறையைக் காட்டிவிட்டு எங்களுக்கு ஏன் மறுநாள் காட்டுகிறது என்று கேட்டாள். ரஃபியுதீன் விழித்தார். ஜாஸ்தி பேசாதே, உள்ளே போ என்று ஹக் சார் அதட்டினார். பெரியவர்கள் பேசும் இடத்தில் வாயாடுகிறாளே என்றுதான் அவருக்குத் தோன்றியது.

கார்த்திகை மழையில் ஹக் சாருக்குச் சிதம்பரம் போகும்படி உத்தரவு வந்தது. மீத்திறன் உள்ள குழந்தைகளை எப்படி அடையாளம் காண்பது என்று ஆசிரியர்களுக்குச் சில நாள் வகுப்பு. நடத்தியவர் தனக்கோடி அம்மாள் என்கிற மனோதத்துவ ஆசிரியை. நூல் புடவையும் தடித்த கண்ணாடியுமாக இருந்த அந்த அம்மாள் ஆரம்பத்திலேயே எல்லாரையும் கலக்கிவிட்டார். உங்கள் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பிள்ளையின் பெயரை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையாக இல்லாமலும் இருக்கலாம், இப்போது மறந்துவிடுங்கள் என்றார்.

அவர் தேடச் சொன்ன குழந்தை வேறு தினுசு. நீங்கள் ஒன்று சொன்னால் அது அதற்கு அடுத்ததைக் கேட்டு உங்களைத் தொந்தரவு செய்யும். நீங்கள் அதை வாயாடி என்பீர்கள். தெரிந்த பாடத்தைத் திரும்ப நடத்தினால் ஜன்னலைப் பார்க்கும், சோம்பேறி என்பீர்கள். இருக்கிற விளையாட்டு அலுத்துப்போய்ப் புதுச் சட்டம் போடும், அடங்காப்பிடாரி என்பீர்கள். ஒரு வழியை அடைத்தால் அழுதுகொண்டு நிற்காது, இன்னொரு வழி கண்டுபிடிக்கும். மார்க்கில் தேடாதீர்கள், கேள்வியில் தேடுங்கள். இதையெல்லாம் அந்த அம்மாள் சண்டை பிடிக்கிற மாதிரி சொன்னார். மார்கழியில் பள்ளிக்கு ஒரு குழந்தையாக இங்கே கூட்டி வாருங்கள், நானே பேசிப் பார்க்கிறேன், தேறினால் அந்தக் குழந்தை ஹைஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நான் விடாமல் பின்தொடர்வேன் என்றார்.

ஹக் சாருக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. தனக்கோடி அம்மாள் பேசப் பேச அவர் கண்முன் ஒரே ஒரு முகம்தான் வந்து நின்றது. சோனாங்குப்பத்து வேலம்மாள்!

வேலம்மாளை அதுவரை யாரும் பெரிய படிப்பாளி என்று சொன்னதில்லை. மார்க் சுமார்தான். அவள் அம்மா கொளஞ்சியம்மாள் கூடை மீன் விற்பவள். தாயின் வெண்கலக் குரல் மகளுக்கும் வந்திருந்தது. ஆனால் அந்த வருஷம் ஆவணி வாக்கில் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. ஆறுகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள் எழுந்து, "கெடிலம் தெனம் கடல்ல போயி விழுதே சார், கடல் ஏன் ரொம்பி வழியல?" என்றாள். ஹக் சார் அசந்துபோனார். சூரியன், ஆவி, மேகம் என்று ஆரம்பித்து மழையில் கொண்டுவந்து முடித்தார். அவருக்கே அன்றைக்கு வகுப்பு இனித்தது. பிறகு வரைபடம் மாட்டிய அன்று, வடக்குதான் மேலே என்று யார் முடிவு பண்ணினது, நட்சத்திரத்திலிருந்து ஒருத்தன் பார்த்தால் எது மேலே என்று கேட்டாள். பின்னம் நடத்தியபோது கேட்டதுதான் உச்சம். ஒரு வஞ்சிர மீனைப் பாதியாக வெட்டி, பாதியில் பாதி, அதில் பாதி என்று வெட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடுமா, இல்லை எப்போதும் ஏதாவது மிஞ்சுமா? பதில் சொல்ல ஹக் சார் தடுமாறினார். தடுமாறியதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

சிதம்பரத்திலிருந்து திரும்பியவர் தலைகால் புரியாமல் இருந்தார். வீட்டில் பள்ளிக்கூடப் பேச்சு கூடாது என்ற சட்டத்தைப் போட்டவரே மறந்துபோய், சோற்றின் முன்னால் உட்கார்ந்து வஞ்சிர மீன் கதையை ஆசியா உம்மாளுக்கு விலாவாரியாகச் சொன்னார். இப்படி ஒரு மூளை மீன் கூடைக்காரி வீட்டில் பிறந்திருக்கிறதே என்று மாய்ந்துபோனார். சைனம்பு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பக்கத்தில் உட்காரும் சிநேகிதிக்குப் பெயர் வந்தால் சந்தோஷப்படுகிறாள், நல்ல மனசு என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆசியா உம்மாள் மகளின் சிரிப்பைப் பார்த்தாள், கணவரின் முகத்தைப் பார்த்தாள், என்னவோ சொல்ல வந்தவள் குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

மார்கழியில் ஒரு காலை ஹக் சார் வேலம்மாளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாதென்று கொளஞ்சியம்மாளும் அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தாள். ஆருத்ரா கூட்டம் இன்னும் சேரவில்லை, வண்டி காலியாக இருந்தது. வேலம்மாளுக்குச் சாயம் போகாத பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். ஆலப்பாக்கம் தாண்டியதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. பயமா என்று சார் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். கெட்டிக்காரக் குழந்தைகளுக்குப் பரீட்சைக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் தாய்க்குத் தைரியம் சொன்னார்.

தனக்கோடி அம்மாளின் அறையில் ஆசிரியர்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்காரலாம். கொளஞ்சியம்மாள் வெளியே வராந்தாவில் இருந்துகொண்டாள். அந்த அம்மாள் முதலில் கணக்காகச் சிலது கேட்டார். மார்க்கெட்டில் வளர்ந்த பெண் பட்பட்டென்று சொன்னாள். ஒரு கதையைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். ஹக் சாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"உங்க சார் உன் கேள்வியெல்லாம் எனக்கு எழுதி அனுப்பியிருந்தாரு. நான் படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன் தெரியுமா?" என்றார் தனக்கோடி அம்மாள். "இப்ப எனக்கு ஒரு கேள்வி கேளேன். எதப் பத்தி வேணா கேக்கலாம்."

வேலம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு பழக்கதோஷமாக இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது. அவள் பாவாடையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். ஹக் சாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"சைனம்பு வரலியே டீச்சர்" என்றாள் வேலம்மாள்.

"சைனம்பு யாரும்மா?"

"எம்பக்கத்துல ஒக்காரும். கேள்வியெல்லாம் அதுதான் குடுக்கும். காதுல சொல்லும், நான் எழுந்து கேப்பேன். எனக்கு சத்தமா பேச வரும், அதுக்குக் கேள்வி வரும்."

"அது ஏன் தானே எழுந்து கேக்கல?"

வேலம்மாள் இதுகூடத் தெரியாதா என்பதுபோல அந்த அம்மாளைப் பார்த்தாள். "அது சாரு பொண்ணு. சாரு அத மட்டும் கேக்க மாட்டாங்க."

குழந்தை இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி, உலகத்தில் உள்ள ஒன்றைச் சொன்னாள். அதுதான் ஹக் சாரை வெட்டிப்போட்டது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தார்.

தனக்கோடி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று ஹக் சார் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"உங்க பொண்ணு அடுத்த வருஷம் எந்த ஹைஸ்கூல்ல சேரப் போவுது சார்?"

சாதாரணமான கேள்வி. தாலுகா முழுக்க எந்தப் பெற்றோரிடமும் கேட்கலாம். ஹக் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அஞ்சாவதோட நிறுத்திடறதா ஒரு பேச்சு, வீட்டுல பெரியவங்க, தெருவுல வழக்கம் இல்ல, என்று துண்டு துண்டாக இழுத்தார். அவர் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

"நாளைக்கே கூட்டிட்டு வாங்கன்னு நான் சொல்லிடுவேன் சார்" என்றார் அந்த அம்மாள், மெதுவாக. "நீங்க நிறுத்திட்டா, நான் கண்டுபிடிச்சு என்ன ஆவப் போவுது?"

பிறகு வேலம்மாளைப் பக்கத்தில் அழைத்துக் கன்னத்தைத் தட்டினார். அவள் பெயரையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கேட்டதை அப்படியே மனசில் வாங்கவும், அது தன்னுடையது இல்லை என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ளவும் எல்லாருக்கும் வராது என்றார். வேலம்மாளுக்கு அது பாதி புரிந்தது. திட்டு விழவில்லை என்பது முழுதாகப் புரிந்தது.

வெளியே வந்ததும் கொளஞ்சியம்மாள் எழுந்து, "எம்பொண்ணு நல்லா சொல்லிச்சா சார்?" என்று கேட்டாள். அவளிடம் என்ன சொல்வது? "நல்லா சொல்லிச்சும்மா. உள்ளது உள்ளபடி சொல்லிச்சு" என்றார் ஹக் சார். அது பொய் இல்லை.

திரும்பும் வண்டியில் கொளஞ்சியம்மாள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வேலம்மாளுக்குப் போன வாய் திரும்ப வந்திருந்தது. சார் கோபித்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் சரளமாகப் பேசினாள். கிள்ளையிலிருந்து புதுச்சத்திரம் வரைக்கும் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கடல் ஏன் நிரம்பவில்லை என்றது? அதுதான் சார். வரைபடம்? அதுவும் அதுதான். வஞ்சிர மீன்?

"மீனு மட்டும் என்னுது சார்" என்றாள் வேலம்மாள் கொஞ்சம் கர்வமாக. "அது கொழுக்கட்டைன்னுதான் சொல்லிச்சு. கொழுக்கட்டைய யாரு சார் பாதி பாதியா வெட்டுவாங்க?"

ஹக் சாருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போன வாய் கோணிக்கொண்டது. சைனம்புவுக்கு எத்தனை நாள் இப்படி ஓடியிருக்கும்! அப்பன் பார்க்க மாட்டான் என்று தெரிந்து, அழாமல், அடம் பிடிக்காமல், பக்கத்துக் குரலை வாங்கிக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் எதற்கு? மார்க் வராது. பாராட்டு வேலம்மாளுக்குப் போகும். என்ன கிடைத்தது அவளுக்கு? அதை வாய்விட்டே கேட்டார்.

வேலம்மாள் இதற்கு யோசிக்க வேண்டியிருந்தது. "நல்ல கேள்வின்னா நீங்க கையில இருக்கற சாக்கட்டிய வெச்சிட்டு சிரிச்சிக்கிட்டே சொல்லுவீங்க இல்ல சார்? அப்ப அது உங்க மூஞ்சயே பாத்துக்கிட்டு இருக்கும். வேற எதுவும் பாக்காது."

ஹக் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உப்பங்கழியும் சவுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், கரிப்புகை என்று சொல்லிக்கொண்டார். வேலம்மாள் நம்பினாளோ என்னவோ, அதற்கப்புறம் பேசாமல் வந்தாள்.

அந்தி நேரத்து மக்ரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தவர் ஆசியா உம்மாளிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சைனம்பு அடுத்த வீட்டுக் குழந்தைகளோடு கொல்லையில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். அவள் போட்ட புதுச் சட்டத்தைப் பற்றி அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆசியா உம்மாள் கேட்டுவிட்டு ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? அது பேச ஆரம்பிச்ச நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ஆசியா உம்மாள். "நான் எழுத்துக்கூட்டி ஓதறவ. நீங்க வாத்தியாரு. நீங்களே ஒண்ணும் இல்லன்னு மார்க்குப் போட்டா, ஒண்ணும் இல்ல போலருக்கு, நாமதான் பெத்த பாசத்துல தப்பா நெனைக்கறோம்னு இருந்துட்டேன்."

ஹக் சாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் குரலில் கோபம் இருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். ஊருக்கெல்லாம் நியாயம் பார்த்தவர், இரண்டு பேரை மட்டும் கண்ணைக் கட்டி உட்காரவைத்திருக்கிறார். ஒருத்தி மகள். இன்னொருத்தி அவரை நம்பித் தன் கண்ணையே நம்பாமல் போனவள்.

ரஃபியுதீனுக்குக் கொடுத்த வாக்கை என்ன செய்வது என்று அவளிடமே கேட்டார். தம்பியிடம் அவள் எடுத்துச் சொல்வாள் என்று ஒரு நப்பாசை.

"வாக்குக் குடுத்தது நீங்க. நான் என்னங்க சொல்றது?" என்றாள். பிறகு, "அன்னைக்குக் கதவுக்குப் பின்னால அது நின்னுக்கிட்டு இருந்திச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்குத் திரியைத் தூண்டப் போனாள்.

மறுநாள் காலை முதல் பாடம் கணக்கு. ஹக் சார் கரும்பலகையில் தேதியை எழுதினார், திரும்பினார். வழக்கம்போல, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். வேலம்மாள் கையைத் தூக்கவில்லை. தோணியில் வரும்போதே முடிவு பண்ணிக்கொண்ட மாதிரி கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"சைனம்பு" என்றார் சார்.

வகுப்பு திடுக்கிட்டுப் போயிற்று. கடைசி பெஞ்சில் ஒருவன் மென்றுகொண்டிருந்த வாயை அப்படியே நிறுத்தினான். ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பெயர் வருகைப் பதிவுக்கு மட்டும்தான் அந்த வாயில் வந்திருக்கிறது. சைனம்பு எழுந்திருக்கவில்லை. தப்பாகக் கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தாள். வேலம்மாள் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"ஒன்னத்தாம்மா. ஒன் கேள்விய நீயே கேளு" என்றார் ஹக் சார்.

அவள் எழுந்தாள். தாவணி போடும் வயது இன்னும் வரவில்லை, தலையில் போட்டிருந்த முக்காட்டுத் துணியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். கடலைப் பற்றியோ நிலாவைப் பற்றியோ ஏதாவது கேட்பாள் என்று ஹக் சார் காத்திருந்தார். ராத்திரி, மாமாவிடம் அவள் கேட்ட பிறைக் கேள்விக்குக்கூடப் பதில் யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் துணியை வாயிலிருந்து எடுத்தாள். குரல் வேலம்மாளுடையது மாதிரி கணீரென்று வரவில்லை. ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"அஞ்சாவது முடிஞ்சா நான் ஏன் சார் நின்னுடணும்?"

இதை அவள் வேலம்மாளிடம் கொடுத்திருக்கவில்லை. யாரிடமும் கொடுத்திருக்க முடியாது.

வீட்டில் பேசிக்கொள்ளலாம், உட்கார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது. வீட்டில் பள்ளிக்கூடப் பேச்சு கூடாதென்று அடைத்து வைத்தவரும் அவர்தானே. இவள் எங்கே போய்க் கேட்பாள்? ஹக் சார் மேஜையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லிப் பழகிய மனிதர் ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தார். தெருவில் வழக்கம் இல்லை. மாமாவுக்குப் பிடிக்கவில்லை. மார்க் போதவில்லை. இதில் எதைச் சொன்னாலும் இந்தப் பிள்ளைகள் எழுந்து, ஏன் சார் என்று கேட்கும். அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவரேதான்.

"காரணம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். குரல் உடைந்தது, செருமிக்கொள்ளவில்லை. "நீ நிக்க வேணாம். ஆறாவது சேரலாம். அதுக்கு மேலயும் படிக்கலாம்."

"மாமா வந்து கேட்டா?"

"நாந்தான் தப்பா வாக்குக் குடுத்துட்டேன்னு மாமாகிட்ட நான் சொல்றேன்."

வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் சேதி பள்ளிவாசல் தெருவுக்குப் போய்விடும், சாயங்காலத் தோணியில் ஆற்றையும் தாண்டிவிடும். இனி அவரே நினைத்தாலும் பின்வாங்க முடியாது. மகளுக்குப் பரிந்து பேசினார் என்று நாலு பேர் சொல்லவும் சொல்வார்கள். ஹக் சாருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"உக்காரும்மா" என்றார்.

சைனம்பு உட்காரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் இருக்கு சார்" என்றாள். "நெறைய இருக்கு."

ஹக் சார் சாக்கட்டியைக் கீழே வைத்தார். அன்றைக்கு அந்த வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கவில்லை.